சுதந்திர மலாயாவின் முதல் அரசாங்கம் யாரிடம் பலவீனமாக இருந்தது?



ஆகஸ்டு 31 நெருங்கினால் பெக்கோக் பட்டணத்துக் கடைவரிசையில் கொடி ஏறிவிடும். ஸ்டேடியம் மெர்டேக்காவில் துங்கு கையை உயர்த்தி ஏழு முறை முழங்கிய படத்தை நம் பிள்ளைகள் பள்ளியில் வண்ணம் தீட்டுவார்கள். சிறுவயதில் நானும் தீட்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே பார்த்திருந்த என் பாட்டியின் சுருக்குப்பையில் சிவப்பு ஐசி இருந்தது. அவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்ல. பெக்கோக்குக்கும் லாபிசுக்கும் இடையில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் மங்கு கழுவினார். அறுபது வயது வரை பால்மரம் வெட்டினார். ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போடாமல், சிவப்பு ஐசியோடு செத்துப்போனார்.

இங்கேயே பிறந்தவருக்கு ஏன் சிவப்பு? சட்டம் படித்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. "நம்ம பெருசுகளுக்கு விவரம் பத்தல" என்று நாமே நம் தாத்தா பாட்டிகளைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம். குறை அவர்களுடையது அல்ல!

1957-இல் வந்த கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் என்ன சொன்னது? சுதந்திர நாளிலோ அதற்குப் பிறகோ இந்த மண்ணில் பிறந்த குழந்தை, பிறப்பாலேயே குடிமகன். நல்ல விதி. ஆனால் சுதந்திரத்துக்கு முன்பு பிறந்தவர்களில், தாய் தந்தை இருவரும் வெளியில் பிறந்திருந்தால், அவர் தானாகக் குடிமகன் ஆகமாட்டார். 16-ஆவது விதியின் கீழ் விண்ணப்பம் போட வேண்டும். ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மட்டும் மொழி நிபந்தனை கிடையாது.

ஓராண்டு! விடியற்காலை பெரட்டுக்கு ஓடி, சாயங்காலம் திரும்பும் ஜனங்களுக்கு ஓராண்டு. பிறப்புப் பத்திரம் இருக்காது, இருந்தால் எழுத்துப்பிழையோடு இருக்கும். பட்டணத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. இந்த மனு எதற்கு என்று தோட்டத்தில் எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்? துரை சொல்வாரா, கிராணி சொல்வாரா? "நீதான் இங்க பொறந்தவளாச்சே, ஒனக்கு எதுக்கு பாரம்" என்று என் பாட்டிக்கு ஒருவர் சொன்னாராம். அவர் நம்பிவிட்டார். சொந்த மண்ணில் பிறந்தவள் தான் பிறந்ததற்கு மனுப் போட வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

உடனே ஒரு பதில் வரும். புதிய நாடு, அனுபவமில்லாத அரசாங்கம், காட்டிலே கம்யூனிஸ்ட் சண்டை, கஜானாவில் காசில்லை, அந்தப் பலவீனமான அரசாங்கத்திடம் இதற்குமேல் எதிர்பார்க்கலாமா என்பார்கள். நம்மவர்களே மேடையில் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன்.

அந்த அரசாங்கம் எல்லாவற்றிலும் பலவீனமாக இருந்ததா? அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அதே ஆண்டில், விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1962-இல் பிறப்பால் குடியுரிமை என்ற விதியையே திருத்தி, தாயோ தந்தையோ குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் உண்டு என்று சுருக்கினார்கள். 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். இன்றுவரை அது திரும்பவில்லை. 1966-இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் கலோங் நிங்கானைப் பதவி இறக்க, அங்கே அவசரகாலத்தைப் பிரகடனம் செய்து அரசியலமைப்பையே திருத்தினார்கள். இதெல்லாம் கை நடுங்குகிற அரசாங்கம் செய்கிற வேலையா? தோட்டக் கம்பெனிகளுக்கு எதிரில் நிற்கும்போது மட்டும்தான் அதன் கை நடுங்கியது.

துண்டாடல் என்ற சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்த நாட்டின் எதிர்காலம் எப்படியோ என்று பயந்து தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். நூறு ஏக்கருக்குக் கீழே போய்விட்டால் கணக்குப்படி அது எஸ்டேட் அல்ல, சிறு தோட்டம். சிறு தோட்டக்காரருக்கு லயம் எதற்கு, ஆயாக்கொட்டகை எதற்கு, தமிழ்ப்பள்ளி எதற்கு? வேலை போனால் வீடும் போனது, வீட்டோடு பள்ளியும் கோயிலும் போயின. பேராசிரியர் உங்கு அஸிஸ் இதையெல்லாம் ஆராய்ந்து, 1951 முதல் 1960 வரையிலான துண்டாடல் பற்றி மூன்று பாகத்தில் அறிக்கையே எழுதினார். தெரியவில்லை என்று மத்திய அரசாங்கம் சொல்லமுடியாது.

பிறகு ஏன் தடுக்கவில்லை? "நிலம் மாநிலத்தின் அதிகாரம்." இதுதான் பதில். சட்டப்படி பாதி உண்மை. ஒன்பதாவது அட்டவணையில் நிலம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது, தொழிலாளர் விவகாரம் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளி நிற்கிற நிலம் ஒருவர் கையில், அவன் கூலி இன்னொருவர் கையில். பந்தை நடுவில் போட்டுவிட்டு இரண்டு பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

மீதிப் பாதி என்ன தெரியுமா? அதே அரசியலமைப்பில் 76-ஆவது விதியின் 4-ஆவது பகுதி இருக்கிறது. நிலச் சட்டத்தில் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே சீர் வேண்டும் என்றால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அது சொல்கிறது. அந்த அதிகாரத்தை வைத்துத்தான் 1960-இல் குழுக் குடியேற்ற நிலச் சட்டத்தை இயற்றினார்கள். பெல்டா திட்டங்கள் அந்தச் சட்டத்தின் மேல்தான் நின்றன. 1965-இல் தேசிய நிலச் சட்டத்தையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். ஆக, மனம் இருந்தபோது நிலம் மத்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. தோட்டத்தைக் கூறுபோடுவதற்குக் கடிவாளம் போடும் பிரிவு, 214A, அந்த நிலச் சட்டத்தில் பின்னால்தான் சேர்க்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ லயங்கள் காலியாகிவிட்டன.

பெக்கோக்கிலிருந்து லாபிஸ் பக்கம் போகிறவர்கள் பெல்டா தெனாங், பெல்டா செம்பிளாக் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குடியேறிய ஏழை மலாய்க் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்ததில் எனக்குத் துளியும் வயிற்றெரிச்சல் இல்லை. அவர்களும் உழைத்துத்தான் முன்னுக்கு வந்தார்கள். என் கேள்வி வேறு. காட்டை வெட்டி, மரம் நட்டு, பால் எடுத்துப் பழகிய கைகள் ஏற்கெனவே பக்கத்துத் தோட்டத்தில் வேலையில்லாமல் நின்றனவே, அவர்களுக்கு ஏன் அந்த எட்டு, பத்து ஏக்கர் கிடைக்கவில்லை? குடியேறிகளாகச் சேர்ந்த இந்தியக் குடும்பங்கள் மிகச் சிலவே. சிவப்பு ஐசிக்காரன் மனுவே போடமுடியாது.

1959-இல் துன் ரசாக் புறநகர் மேம்பாட்டு அமைச்சை ஏற்றார். மாவட்டந்தோறும் "சிவப்புப் புத்தகம்" என்ற திட்ட ஏடு வைத்து, எங்கே சாலை, எங்கே குழாய்த்தண்ணீர், எங்கே பள்ளி என்று குறித்தார்கள். திறமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தோட்டம் கம்பெனியின் சொந்த நிலமாம், அதனால் அது புறநகர் மேம்பாட்டுக்குள் வராதாம்! சாலை தோட்டத்து வாசல்வரை வந்து நின்றது. பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பகுதி உதவிபெறும் பள்ளியாகவே கிடப்பதற்கும் அடிவேர் இதுதான், பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துடையது அல்ல. அந்தச் சிவப்புப் புத்தகத்தில் நம் லயங்களுக்கு ஒரு பக்கம் இல்லை. நமக்கு வாய்த்த சிவப்பு, ஐசி மட்டும்தான்.

துன் சம்பந்தனைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவன் ஆவேன். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வராமல் தப்பின. என் தாத்தாவும் பங்கு வாங்கியவர்தான், அந்த ரசீது எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் அந்த நேரத்தில் யார்? மத்திய அமைச்சர்! அமைச்சரவையில் உட்கார்ந்து அவரால் நிறுத்தமுடியாத துண்டாடலை, கூலிக்காரனின் பத்து வெள்ளியால் நிறுத்தப் பார்த்தார். அவருடைய பெருமையும் அந்த அரசாங்கத்தின் மானக்கேடும் ஒரே ரசீதில் இருக்கிறது.

இதன் உச்சம் 1968-இல் வந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் இயற்றி, மறு ஆண்டு மே 13 கலவரத்துக்குப் பிறகு அமுல்படுத்தினார்கள். 1957-இல் பாரம் எழுதாத குற்றத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தண்டனை. ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். என் தாத்தாவின் அண்ணன் ரஜூலா கப்பலில் போனார். அவர் நட்ட மரங்களில் அதற்குப் பிறகும் பால் வடிந்துகொண்டுதான் இருந்தது.

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2018-இல் பிரதமர் மகாதீர், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்போவதாக அறிவித்தார். சுதந்திரம் கிடைத்து 61 ஆண்டுகளுக்குப் பிறகு!

2024 அக்டோபர் 17-இல் மக்களவை, அரசியலமைப்பை மறுபடி திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு நியாயம் கிடைத்தது, அதை வரவேற்றோம். அதே மசோதாவில் இன்னொன்றும் இருந்தது. இங்கே பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே குடியுரிமை என்று 1962 முதல் இருந்த வார்த்தையை எடுத்துவிடும் திருத்தம் அது. விளக்கமாகச் சொல்கிறேன். தாய் தந்தை இருவருமே சிவப்பு ஐசி என்றால், அந்தத் திருத்தத்தின்படி அவர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகாது. என் பாட்டியை நிறுத்திய இடத்திலேயே நாளைய பிள்ளையையும் நிறுத்துகிறார்கள். இதற்கு ஓட்டுப்போட்ட நம் பிரதிநிதிகளிடம் நீங்கள் காரணம் கேட்டீர்களா?

சில மாதங்களுக்கு முன் பெக்கோக் ரயில் நிலையத்துக்கு எதிரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா பிளாஸ்டிக் பையோடு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர். "சார், நான் செவப்பு, வீட்டுக்காரரும் செவப்பு. மக மாசமா இருக்கா, அவளுக்கும் இன்னும் நீலம் கெடைக்கல" என்றார். பையில் தடுப்பூசி அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கிழிந்த ஒரு பிறப்புப் பத்திரம். மகள் பிறந்தது 2024-க்கு வெகுகாலம் முன்பு. பழைய விதியின்படி அவளுக்கு உரிமை உண்டு. எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் இருபத்திரண்டு வருடம் போயிருக்கிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். இந்த வாரமே வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து எல்லாருடைய பிறப்புப் பத்திரம், ஐசி, திருமணப் பத்திரம் மூன்றையும் வெளியே எடுங்கள். பெயர், தேதி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். சிவப்பு ஐசியோ, ஐசியே இல்லாதவரோ உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், தோட்டத்தில் படித்த பிள்ளை ஒன்றைப் பிடித்து விவரத்தை எழுதி நம் வட்டார ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். பழைய சம்பளச் சீட்டு, தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், ஆஸ்பத்திரி அட்டை எதையும் குப்பையில் போடாதீர்கள். மனு எழுதுவதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், வேலை நாள் கூலி போகாது.