குப்பைக்குள் போகும் முதல்

புறக்கோட்டையில் கடை பூட்டும் நேரமானால் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். அன்றைக்கு உடைத்த காட்போட் பெட்டிகளையெல்லாம் பையன்கள் மிதித்துத் தட்டையாக்கி, கயிற்றால் கட்டி வாசலில் வைப்பார்கள். தள்ளுவண்டிக்காரர் வருவார், தராசில் தூக்குவார், கையில் ஏதோ கொடுப்பார், போய்விடுவார். இருபது வருடங்களுக்கு மேலாக இதைப் பார்த்துக்கொண்டே காசு மேசையில் பணம் எண்ணியவன் நான். மீள்சுழற்சி என்ற சொல்லைக் கேட்டால், பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரப் போட்டிக்கு உரிய தலைப்பு என்றே எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது 2022ஆம் ஆண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவுக்குப் போய்விட்டது. கடதாசி இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான் பீங்கான், கண்ணாடிப் பொருட்களை மொத்தமாக விற்பவன். வெளியூர்க் கடைகளுக்கு லொறியில் அனுப்புவதற்கு வாராவாரம் புதுப் பெட்டி வாங்குவது வழக்கம். பெட்டி தருபவர் முதலில் விலையை ஏற்றினார். பிறகு கடனுக்கு இல்லை என்றார். கடைசியில் காசு கொடுத்தாலும் சரக்கு இல்லை என்றார். காத்தான்குடிக்கும் மாவனல்லைக்கும் போகவேண்டிய ஓடர்கள் பொதி கட்ட வழியின்றிக் கடைக்குள்ளேயே கிடந்தன.

அன்று மாலையும் தள்ளுவண்டிக்காரர் வந்தார். எங்கள் கடையில் நீண்டகாலமாக வேலை செய்யும் ஒரு நானா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாங்க தேடித் திரியிற பெட்டியத்தானே முதலாளி இந்தாள் கொண்டு போறார்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிரவே கணக்குப் பார்த்தேன். ஒரு வெற்றுப் பெட்டியை எடைக்கு விற்றால் எங்களுக்குக் கிடைப்பது, அதே அளவான புதுப் பெட்டிக்கு நாங்கள் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கையால் கிலோக் கணக்கில் விற்று, மறு கையால் எண்ணிக்கைக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். எனவே நமது வியாபாரிகளிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: கழிவில் இலாபம் என்பது பழைய கடதாசிக்காரர் தரும் காசு அல்ல. அது மிகச் சிறிய தொகை. கழிவைப் பிரித்து வைத்துப் பார்த்தால் நீங்கள் எதையெல்லாம் தேவையில்லாமல் வாங்குகின்றீர்கள் என்பது தெரிய வரும். இலாபம் அங்கேதான் இருக்கின்றது.

அடுத்த மாதம் முழுவதும் கடையின் பின்பக்கம் மூன்று சாக்குகளை வைத்து, காட்போட், கடதாசி, பொலித்தீன் என்று பிரித்துப் போடச் சொன்னேன். வாரக் கடைசியில் நானே நிறுத்துக் கொப்பியில் எழுதினேன். முதல் வாரமே ஒரு பெட்டியின் அடியில் கடதாசியில் சுற்றியபடி ஆறு சோசர்கள், ஒரு கீறல்கூட இல்லாமல் கிடைத்தன. இப்படி எத்தனை வருடங்களாக வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, இங்கே 'குறைவு' என்றும் 'உடைவு' என்றும் கணக்கில் எழுதினோமோ, அல்லாஹ்தான் அறிவான். அனுப்பியவர் மோசடி செய்துவிட்டார் என்று தொலைபேசியில் சண்டை பிடித்த நாட்களும் உண்டு. மறுபக்கத்தில், சரக்கைச் சுற்ற நான் காசு கொடுத்து வாங்கிய குமிழ்த் தாளுக்குப் பக்கத்திலேயே பழைய பத்திரிகைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

இதில் ஒரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டிகளை இனி விற்கக் கூடாது என்று சொன்னதும் பையன்களின் முகம் மாறிவிட்டது. ஒருவன் மட்டும் வாய் திறந்தான்: "முதலாளி, அது எங்கட தேத்தண்ணிக் காசு." அவன் சொன்னது நியாயம். எழுதாத சட்டமாக வாப்பாவின் காலம் தொட்டே அந்தக் காசு அவர்களுக்கு உரியது. விலைவாசி அவ்வளவு ஏறியிருந்த நேரத்தில் முதலாளி அதிலும் கை வைத்தால் அந்தக் கடையில் யாருக்கு மனம் வைத்து வேலை செய்யத் தோன்றும்? ஆகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கிழிந்த, நைந்த காட்போட்டும் கடதாசியும் விற்ற காசு முழுவதும் பழையபடி அவர்களுக்கே. நல்ல பெட்டியைக் கிழிக்காமல் திறந்து எடுத்து வைத்தால், பெட்டிக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் நான் கொடுப்பேன். அவர்களுக்கும் முன்னரை விடக் கூடுதலாகக் கிடைத்தது. நான் புதுப் பெட்டி வாங்குவது ஆறு மாதத்தில் பாதிக்கும் கீழே வந்தது. கத்தியால் குத்திப் பெட்டி உடைக்கும் பழக்கம் நின்றதால் உள்ளே சரக்குக் கீறுப்படுவதும் குறைந்தது.

எல்லாம் சீராக நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். குருநாகலுக்குப் போகவேண்டிய பொதி ஒன்று, பெட்டியில் இருந்த பழைய குறியைப் பார்த்துப் பேருவளையில் இறக்கப்பட்டது. அன்றிலிருந்து பழைய குறிகளைக் கறுப்பு மையால் அழிக்காமல் எந்தப் பெட்டியும் வெளியே போவதில்லை. இன்னொரு தடவை இரண்டு டசின் கண்ணாடிக் கோப்பைகள் நொறுங்கின. மழையில் நனைந்து காய்ந்த பெட்டி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் பாரம் தாங்காது என்பதைக் காசு கொடுத்துப் படித்தோம்.

வாப்பா உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். 1970 முதல் 1977 வரை, இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்களில், அவர் கடையில் சணல் கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைப்பார். மரப்பெட்டி ஆணியைத் தட்டி நிமிர்த்துவார். பழைய கொப்பித் தாளில்தான் சரை சுற்றுவார். திறந்த பொருளாதாரம் வந்த பிறகு அதையெல்லாம் கஞ்சத்தனம் என்று நாங்களே கேலி செய்தோம்.

மற்றத் தொழில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ஹோட்டல் வைத்திருப்பவர்களின் மீதிச் சோற்றை எடுக்கப் பன்றிப் பண்ணைக்காரர் வருவார். நம்மவர்களுக்கு அதில் சங்கடம் இருப்பது இயல்பு. அதைக் கூட்டெருவுக்குக் கொடுக்கலாம், ஆனால் முள்ளும் பொலித்தீனும் கலக்காமல் இருக்க வேண்டும். பொதுவாகவே கலந்த கழிவுக்கு விலை இல்லை. ஒரு வாளி தேயிலைச் சக்கையைக் கொட்டினால் ஒரு கட்டுக் காட்போட் வீண். பற்றுச்சீட்டு இயந்திரத்தில் வரும் வழுவழுப்பான தாளுக்கு இரசாயனப் பூச்சு உண்டு, அதைக் கடதாசிச் சாக்கில் போட வேண்டாம். பழைய பற்றரி, கணினி போன்றவற்றைத் தெருவில் வருபவரிடம் கொடுக்காமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரைத் தேடிக் கொடுங்கள். பற்றரியில் இருப்பது ஈயம். இரவில் கடைக்குப் பின்னால் குவித்து எரிப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: புறக்கோட்டையில் தீ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

எறிவதை மாநகர சபை எடுத்துக்கொண்டு போகும், நமக்கென்ன என்று சிலர் கேட்கின்றனர். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, வீதிக்கு இறங்கிப் போராடியவர்களில் நமது உறவினர்களும் வாடிக்கையாளர்களும் இருந்தனர். புத்தளத்துக் கடைக்காரர் ஒருவர் என்னிடம், "சரக்கையும் நீங்கதான் அனுப்புறீங்க, குப்பையையும் நீங்கதான் அனுப்புறீங்க" என்றார். பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை.

சட்டமும் ஒவ்வொன்றாக இறுகி வருகின்றது. 2017 செப்டெம்பரில் லன்ச்ஷீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2025 நவம்பர் முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. நாமோ ஒவ்வொரு தடவையும் கால அவகாசம் கேட்கிறோம். அவகாசம் கேட்கும் நேரத்தில் மூன்று சாக்குகள் வாங்கி வைக்கலாம்.

என் கடையிலும் தீராத ஒன்று உண்டு. கண்ணாடிப் பொருட்களோடு வரும் ரெஜிபோம் அச்சுகளைத் தள்ளுவண்டிக்காரரும் தொடுவதில்லை, எடையும் இல்லை, இடத்தை மட்டும் அடைக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக முட்டைத் தட்டுப் போன்ற கடதாசிக் கூழ் அச்சில் வைத்து அனுப்ப முடியுமா என்று இறக்குமதியாளரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். ஒரு கடை கேட்டால் அவர் அசைய மாட்டார். இதே சரக்கை விற்கும் மற்றவர்களும் அடுத்த ஓடர் கொடுக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.