கோல் வாசலில் புதியவர் நின்றால் குடி முழுகிப் போகுமா?

கண்டியிலும் மாத்தளையிலும் ஹொக்கி தெரிந்தவர்கள் கூடும் இடத்தில், தங்கள் அணி தோற்றதும் இரண்டு தீர்ப்புகள் வந்து விழும். "பழைய கோல் காப்பாளரை ஏன் தூக்கினார்கள்?" என்பது ஒன்று. "ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை ஏற்றி இறக்கினால் ஆட்டம் எப்படி உருப்படும்?" என்பது மற்றது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நல்ல அணி என்றால் மாறாத அணி, தெரிந்த முகங்கள் தெரிந்த இடத்தில் நிற்கும் அணி என்ற நம்பிக்கை அது. கேட்பதற்கு நியாயமாகப் படும் இந்த நம்பிக்கை, இன்றைய ஹொக்கியின் விதிகளுக்கும் அண்மைய ஆண்டுகளின் பெறுபேறுகளுக்கும் முன்னால் நிற்பதில்லை. அணியைத் தாங்குவது ஆள் அல்ல, முறை. அந்த முறை கைவசம் இருந்தால் மாற்றம் பலமாகும். இல்லாவிட்டால் பழைய முகங்களை அப்படியே வைத்திருந்தும் பயன் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். கண்டி றக்பியின் ஊர். நித்தவலை மைதானத்தில் கண்டி விளையாட்டுக் கழகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மாற்று வீரர் இறங்குவது பெரிய சங்கதி. அங்கே காயம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, வெளியே போனவர் திரும்பி வருவதில்லை. கிரிக்கெட்டில் அது இன்னும் இறுக்கம். பதினொருவரைப் பெயர் சொல்லி அறிவித்துவிட்டால் பெரும்பாலும் ஆட்டம் முடியும்வரை அவர்களேதான். இந்த இரண்டு ஆட்டங்களின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹொக்கியைப் பார்த்தால், அடிக்கடி நடக்கும் ஆள்மாற்றம் தடுமாற்றமாகவே தெரியும். ஹொக்கியிலோ 1990களின் தொடக்கம் முதல் மாற்றங்களுக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. வெளியே போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரலாம், மறுபடியும் போகலாம். இது ஆபத்துக்கு வைத்திருக்கும் கதவல்ல. ஆட்டத்தின் நடுவிலே வைக்கப்பட்ட வாசல். அதைப் பயன்படுத்தாத பயிற்றுநரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். புதிய கோல் காப்பாளர் வந்தால் பின்வரிசை குலையும், அனுபவத்துக்கு ஈடு இல்லை என்கிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் பெயர் பெரும்பாலும் இந்தியாவின் பி.ஆர். ஸ்ரீஜேஷ். டோக்கியோவில் ஜேர்மனிக்கு எதிராக 5–4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கோர்னரைத் தடுத்து, 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கச் செய்தவர் அவர். அவரைப் போன்றவரை மாற்றலாமா என்ற கேள்வி சரிதான். ஆனால் அந்த ஸ்ரீஜேஷும் ஒரு காலத்தில் புதியவர். அவர் இந்திய அணிக்காக முதலில் இறங்கியது 2006இல் நம்முடைய கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், வயது 18. 2014 இஞ்சோன் ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் பாகிஸ்தானின் பெனால்டிகளைத் தடுத்துத் தங்கம் வாங்கித் தரும்போது அவருக்கு 26. இடையில் எட்டு ஆண்டுகள். "பழையவரை மாற்றாதே" என்ற வாதம் 2006இல் வென்றிருந்தால், டோக்கியோவின் அந்தக் கடைசி நொடியில் கோல் வாசலில் யார் நின்றிருப்பார்? அனுபவத்தைப் போற்றும் வாதம், அனுபவம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதில்லை.

அவர் போன பிறகு நடந்ததும் இந்த வாதத்துக்குக் கை கொடுக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 8ஆம் திகதி பரிஸில் ஸ்பெயினை 2–1 என்று வென்று வெண்கலம் பெற்றதோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். அடுத்த 40 நாளில், செப்டெம்பர் 17இல், சீனாவின் ஹுலுன்புய்ர் நகரில் இந்தியா சீனாவை 1–0 என வீழ்த்தி ஆசிய சாம்பியன்ஸ் கிண்ணத்தைத் தூக்கியது. காப்பாளர்களாக இருந்தவர்கள் கிருஷன் பகதூர் பாதக்கும் சூரஜ் கர்கேராவும். "அதெல்லாம் ஆசிய அணிகளோடு, 2025 ஜூனில் ஐரோப்பாவில் என்ன நடந்தது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். புரோ லீக்கின் அந்தக் கட்டத்தில் இந்தியா தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே கோல் வித்தியாசத்தில் போனவை. அதே ஆண்டு செப்டெம்பரில் பீஹாரின் ராஜ்கிரில், அதே இரண்டு காப்பாளர்களோடு, இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 4–1 என்று வென்று ஆசியக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. வாசலில் நின்றவர்கள் மாறவில்லை, பெறுபேறு மாறியது. அப்படியென்றால் பெறுபேற்றின் காரணத்தை வாசலில் மட்டும் தேடுவது எப்படிச் சரியாகும்?

இதிலிருந்தே இரண்டாவது குற்றச்சாட்டும் கழன்று விழுகிறது. கோல் விழுந்தால் அது காப்பாளரின் குற்றம் என்பது அது. ஹொக்கிக் கோல் வாசலின் அகலம் 3.66 மீற்றர், உயரம் 2.14 மீற்றர். பெனால்டி கோர்னரில் ட்ரெக் ஃப்ளிக் அடிப்பவரின் பந்து மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில், வட்டத்தின் விளிம்பிலிருந்து, அதாவது ஏறத்தாழ பதினைந்து மீற்றர் தொலைவிலிருந்து வருகிறது. காப்பாளருக்குக் கிடைப்பது அரை நொடி. அந்த அரை நொடியில் அவர் என்ன செய்தார் என்பதைவிட, அந்த பெனால்டி கோர்னர் ஏன் கொடுக்கப்பட்டது என்பதுதான் பெரிய கேள்வி. நம்முடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2014 இஞ்சோனில் இந்தியாவிடம் இலங்கை 8–0 என்று தோற்றது. 2018 ஜகார்த்தாவில் 20–0. நான்கு ஆண்டில் எட்டு இருபதானதை எந்தக் காப்பாளரின் தலையில் கட்டுவது? இருபது கோல் விழும் ஆட்டத்தில் மத்தியகளத்தில் பந்தே கைக்கு வருவதில்லை. பின்கள வீரர்கள் வட்டத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பார்கள். காப்பாளர் தடுத்த பந்து மறுபடியும் எதிரணியின் மட்டைக்கே போகும். அங்கே ஸ்ரீஜேஷை நிறுத்தியிருந்தாலும் கோல்களின் எண்ணிக்கைதான் குறைந்திருக்கும், தோல்வி மாறியிருக்காது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இருக்கும் இடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காப்பாளர் பந்தைத் தடுப்பவர் மட்டுமல்லர், பின்வரிசைக்குக் குரல் கொடுப்பவரும் அவரே. முழு மைதானமும் முன்னால் விரிந்து தெரிவது அவருக்குத்தான். "இடது பக்கம் விடு", "முன்னால் ஏறு" என்று அவர் கத்துவதை நம்பித்தான் பின்கள வீரர் தன் முதுகுப்பக்கத்தைப் பார்க்காமல் விளையாடுகிறார். புதியவரின் குரல் பழகாதவரை அங்கே ஓர் இடைவெளி விழும் என்பது மெய். ஆனால் அந்த இடைவெளிக்கு மருந்து புதியவரை வெளியே வைத்திருப்பதல்ல, முன்கூட்டியே உள்ளே விடுவது. 2023 உலகக் கிண்ணத்தில் புவனேஸ்வரில் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 3–3 என்று சமநிலையாகி ஷூட் அவுட்டுக்குப் போனது. அதன் நடுவில் ஸ்ரீஜேஷ் காயப்பட்டு வெளியேற, பாதக் உள்ளே வந்தார். இந்தியா 5–4 என்று தோற்றது. "பார்த்தீர்களா, மாற்றியதும் தோற்றுவிட்டது" என்று இதைக் காட்டுவோர் உண்டு. இந்தியா அந்த ஆட்டத்தில் 3–1 என முன்னிலையில் இருந்து அதைக் கைநழுவ விட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை. அன்று பயிற்றுநருக்குத் தேர்வே இருக்கவில்லை; காயம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இரண்டாவது காப்பாளர் ஆட்டத்தின் சூடு தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த இரவு சொன்ன பாடம். மாற்றத்துக்கு எதிராக எடுத்து வைக்கப்படும் ஆட்டம், மாற்றத்தைப் பழகி வைத்திருக்க வேண்டியதன் சான்றாகவே முடிகிறது.

மூன்றாவது குற்றச்சாட்டு ஆள்மாற்றம் பற்றியது. அடிக்கடி ஏற்றி இறக்கினால் வீரர்களுக்குள் இணக்கம் வராது என்கிறார்கள். இணக்கம் என்பது பதினொருவர் அறுபது நிமிடம் ஒன்றாக ஓடுவதால் வருவது என்று எடுத்துக்கொண்டால் இது சரி. ஆனால் பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளில், செயற்கைப் புல்லில் ஓடும் இன்றைய முன்கள வீரரின் வேலை, எதிரணிப் பின்வரிசையை மூச்சுவிட விடாமல் விரட்டுவது. அந்த வேகத்தில் சில நிமிடங்களுக்கு மேல் யாராலும் ஓட முடியாது. களைத்த காலோடு நிற்பவர் தன் இடத்தில் இருந்தும் இல்லாதவர்தான். அவருக்குப் பதில் புதுக் காலோடு வருபவர் அதே இடத்தில் அதே வேலையைச் செய்தால் இணக்கம் எங்கே உடைகிறது? பனிக்கட்டி ஹொக்கியில் ஒரு வரிசை களத்தில் நிற்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வரிசை வரிசையாக மாறுவதே அந்த ஆட்டத்தின் இலக்கணம், அங்கே அதை யாரும் குழப்பம் என்று சொல்வதில்லை. வரிசையில் நிற்கும் பெயர் மாறும், வேலை மாறாது.

ஆள்மாற்றத்தைப் பழகிய அணிக்கு நெருக்கடியில் என்ன கிடைக்கிறது என்பதை 2024 ஆகஸ்ட் 4ஆம் திகதி பரிஸ் காலிறுதி காட்டியது. பிரித்தானியாவுக்கு எதிராக 17ஆவது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி 43 நிமிடமும் இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. 1–1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் 4–2 என வென்றது. பத்துப் பேர் பதினொருவரின் வேலையைச் செய்ய வேண்டிய ஆட்டத்தில், வெளியே உட்கார்ந்திருப்பவர் யாரும் யாருடைய இடத்தையும் எடுத்து நடத்தத் தெரிந்தவராக இல்லாவிட்டால் அது நடக்காது. ஸ்ரீஜேஷின் தடுப்புகள் அந்த வெற்றியில் பெரும் பங்கு. ஆனால் அவர் முன்னால் கடைசிவரை ஓடிய கால்கள் ஓய்வெடுத்துத் திரும்பிய கால்கள். ஆள்மாற்றத்திலும் கண்மூடித்தனம் ஆகாது என்பது உண்மையே. பெனால்டி கோர்னர் கொடுக்கப்பட்ட பிறகு அது முடியும்வரை ஆளை மாற்ற விதி இடம் தராது. ட்ரெக் ஃப்ளிக் அடிப்பவர் அந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்திருந்தால் வாய்ப்பு வீண். இது நேரத்தைப் பார்த்து மாற்று என்பதற்கான வாதமே தவிர, மாற்றாதே என்பதற்கானதல்ல.

கடைசியாக வரும் எதிர்ப்புத்தான் கனமானது. "இதெல்லாம் ஆள்பலமும் பணபலமும் உள்ள நாடுகளுக்கு. கண்டியில், மாத்தளையில் ஒரு நல்ல காப்பாளர் கிடைப்பதே அரிது. கிடைத்தவரை விட்டுவிட்டு இரண்டாமவரைத் தேடுவதா?" என்கிறார்கள். நிலைமை அதுதான். ஆனால் முடிவு தலைகீழ். நம் வட்டாரத்தில் ஹொக்கியின் அடித்தளம் பாடசாலைகள். மாத்தளையில் கிறைஸ்ட் சேர்ச், புனித தோமஸ், கண்டியில் திரித்துவக் கல்லூரி, கிங்ஸ்வூட் என்று மட்டை பிடிக்கும் பாடசாலைகளில், உயர்தரப் பரீட்சை முடிந்ததும் காப்பாளர் பாடசாலையை விட்டுப் போகிறார். எவ்வளவு திறமையானவரையும் எந்தப் பயிற்றுநராலும் பிடித்து வைக்க முடியாது. அதாவது நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோல் வாசலில் புதியவர் நிற்கத்தான் போகிறார். கேள்வி அவர் தயாராக வருகிறாரா, தயாரில்லாமல் வருகிறாரா என்பது மட்டுமே. கடைசி ஆட்டம்வரை மூத்தவரையே நிறுத்திவிட்டு, அடுத்த பருவத்தில் இளையவரைத் திடீரென்று தள்ளிவிடும் பாடசாலை, "புதியவரால் தோற்றோம்" என்று சொல்ல உரிமை இல்லாதது. ஆள் குறைந்த இடத்தில்தான் ஒவ்வோர் ஆளையும் இரண்டு மடங்கு தயார் செய்ய வேண்டும்.

ஆகவே அடுத்த தோல்விக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை பெனால்டி கோர்னர் கொடுத்தோம்? மத்தியகளத்தில் பந்தை எங்கே இழந்தோம்? உள்ளே வந்தவருக்குத் தன் வேலை தெரிந்திருந்ததா? இரண்டாவது காப்பாளர் இந்தப் பருவத்தில் எத்தனை நிமிடம் ஆடினார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதபோது கோல் வாசலில் நிற்பவரின் பெயரைச் சொல்வது எளிது. அந்த எளிமைதான் அந்த வாதத்தின் பலம், பலவீனமும் அதுதான். பாடசாலை அணியின் கால் காப்பும் தலைக்கவசமும் எந்த ஒரு மாணவருக்கும் சொந்தமல்ல. ஒருவர் கழற்றி வைத்ததை அடுத்தவர் அணிந்துகொள்கிறார். கவசத்தைக் கைமாற்றுவது போலவே ஆட்ட நேரத்தையும் குரலையும் உரிய காலத்தில் கைமாற்றத் தெரிந்த அணிக்கு, புதியவர் ஒரு விபத்தல்லர்.