கழித்துக் காட்டும் துணிவு உண்டா?

திண்டிவனத்திற்குத் தெற்கே, திருவக்கரையில், மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. வக்கிராசுரன் என்னும் அரக்கனின் எலும்புகள் அவை என்று கதை கட்டினர். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். 1781இல் சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கை அறிஞர் அவற்றைக் கண்டு எழுதினார். பின்வந்த நிலவியலார் உள்ளமைப்பை ஆராய்ந்தனர். எலும்பு எங்கே? அரக்கன் எங்கே? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரமன்றோ அது! கதை கண்ணை மூடச் சொன்னது. அறிவு கண்ணைத் திறக்கச் சொன்னது.

அந்த மரங்கள் மண்ணுள் புதைந்த காலத்தையொட்டி, எழுமீன் திசையிலுள்ள மெசியே 101 என்னும் விண்மீன் மண்டலத்திலிருந்து புறப்பட்ட ஒளி, இன்றுதான் நம்மை வந்தடைகிறது. தொலைவு, ஏறத்தாழ 2 கோடி 10 லட்சம் ஒளியாண்டு! அங்கே எவரும் சென்றதில்லை, செல்லவும் இயலாது. ஆயினும் அதன் உறுப்புகளை வானியலார் பகுத்துரைக்கின்றனரே, எப்படி? ஞானதிருஷ்டியாலா? இல்லை தோழர்களே, நிழற்படத்தால்!

1926இல் எட்வின் ஹபிள், விண்மீன் மண்டலங்களை வடிவம் கொண்டு வகுத்தார்: நீள்வட்டம், சுருள், நடுவே சட்டம் பாய்ந்த சுருள். வடிவத்தைக் கண்டதோடு நில்லாமல், ஒளியை அளக்கப் புகுந்தனர் பின்வந்தோர். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளி எவ்வளவு? நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அது எப்படிக் குறைகிறது? நீள்வட்ட மண்டலங்களில் அது குறையும் விதியை 1948இல் வகுத்தார் பிரெஞ்சு அறிஞர் தெ வோகுலர். சுருள் மண்டலத்தின் நடுவே திரண்ட பகுதியில் ஒளி செங்குத்தாய்ச் சரிகிறது. சுற்றியுள்ள தட்டிலோ, ஒவ்வொரு சம அடிக்கும் ஒரே விகிதத்தில் தேய்கிறது. தட்டின் இவ்வியல்பை 1970இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஃப்ரீமன் தெளிவாக்கினார். நீல வடிகட்டியில் எடுத்த படம் இளம் விண்மீன்கள் மின்னும் கரங்களைக் காட்டும்; அகச்சிவப்புப் படம், தூசு மறைத்த சட்டத்தை வெளிப்படுத்தும்.

இனிதான் கவனிக்க வேண்டிய கட்டம். நடுத்திரட்சி இவ்வளவு, தட்டு இவ்வளவு என்று கணக்கிட்டு, வானியலார் ஒரு மாதிரிப் படம் சமைக்கின்றனர். சமைத்ததை மாலையிட்டு வணங்குகின்றனரா? இல்லை! உண்மைப் படத்திலிருந்து அதனைக் கழிக்கின்றனர். எஞ்சுவது என்ன என்று ஊருக்கெல்லாம் காட்டுகின்றனர். எச்சத்தில் சட்டம் தெரிந்தால், வளையம் தெரிந்தால், 'எம் கணக்கு போதவில்லை' என்று அறிவித்து, மீண்டும் கணக்கிடுகின்றனர்.

சோதிடரே, உம்மைக் கேட்கிறோம்: நீர் சொன்னதை நடந்ததிலிருந்து கழித்துக் காட்டியதுண்டா? பொய்த்துப்போன பலன்களின் பட்டியலை வெளியிட்டதுண்டா? ராகு என்கிறீர், கேது என்கிறீர். நிலவின் பாதையும் கதிரவன் பாதையும் வெட்டும் இரு புள்ளிகளன்றோ அவை! எந்தத் தொலைநோக்கியில் அவற்றின் முகம் தெரிந்தது?

வெறும் வேடிக்கையெனில் விட்டுவிடலாம். விழுப்புரத்தில், திண்டிவனத்தில், சுற்றியுள்ள சிற்றூர்களில், படித்த பெண்ணின் நெற்றியில் 'செவ்வாய் தோஷம்' என்று எழுதி, மணவாழ்வை மறிக்கிறதே அந்தக் கட்டம்! அவள் செய்த குற்றம் என்ன? பிறந்த நேரமா? பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்தியது சாதி. பிறந்த நாழிகையைக் காட்டிப் பெண்ணைத் தாழ்த்துகிறது சாதகம். இரண்டும் ஒரு கொடியில் காய்த்த நச்சுக் காய்கள்!

வானம் எவருடைய தனிச்சொத்தும் அன்று. 2007இல் தொடங்கிய 'கேலக்ஸி சூ' என்னும் இணையத் திட்டம், ஏறத்தாழ 9 லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள்முன் வைத்தது. குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. கண் இருந்தால் போதும் என்றது. லட்சத்திற்கும் மேற்பட்டோர் வகைப்படுத்தினர். அவ்வாண்டே, ஹானி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, அதுவரை அறியப்படாத ஒளிரும் வாயுத்திரள் ஒன்றைக் கண்டுபிடித்தார். சோதனைச்சாலையில் அல்ல, கணினித் திரையில்!

நம் மண்ணிலும், ஜவ்வாது மலைக் காவலூரில், 2.34 மீட்டர் ஆடி கொண்ட வேணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நிமிர்ந்து நிற்கிறது. பரிகாரத் தலங்களுக்குப் பேருந்து பிடிக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கேனும் அம்மலையை நாடக் கூடாதா?

இளைஞனே! உன் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு சிறு தொலைநோக்கி வை. கைப்பேசியில் ராசிபலன் தேடும் விரலால் விண்மீன் மண்டலத்தின் படத்தைத் தேடு. தங்கைக்கு வரன் பார்க்கையில் சாதகத்தைக் கொண்டுவருவோரிடம் ஒன்றே கேள்: 'கழித்துக் காட்டுவீரா?' அவர் விழிப்பார். நீ அசையாமல் நில். தங்கை வாழ்வு தழைக்கும்!