சுருக்கத்தைப் பார்த்து எழுதலாமா?

குற்றவியல் முதுகலை படிக்கும் என் பேத்தி போன விடுமுறைக்குப் புதுச்சேரி வந்திருந்தாள். சிறார் குற்றம் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். ஓர் ஆய்விதழ்க் கட்டுரையைக் கணினியில் திறந்தால் பத்து வரிச் சுருக்கம் மட்டும் தெரிந்தது. மீதியைப் படிக்க முப்பது டாலருக்கு மேல் கேட்டார்கள்.

"சுருக்கத்தை வச்சே மேற்கோள் காட்டிடலாம் தாத்தா. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து மூன்று வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். முழுக் கோப்பையும் புரட்டாமல் குறிப்பு எழுதினால் யாரோ ஒருவருடைய ஓய்வூதியம் நின்றுபோகும். இவளுடைய துறையிலோ பாதிப்பு ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கு.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த பாஷை இந்த வயதில் உதவியது. லக்காசாஞ் 1886-ல் லியோனில் தொடங்கி 1914 வரை வந்த குற்ற மானிடவியல் இதழ், கிரிமினோகார்புஸ் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கப்ரியேல் தார்த் அதில் எழுதியவர். சார்லா என்ற சிற்றூரில் விசாரணை நீதிபதியாக இருந்தவர். பிறவிக் குற்றவாளி என்ற லொம்ப்ரோசோவின் வாதத்தை மறுத்து, குற்றமும் பார்த்துப் பழகுவதே என்றவர். நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, பேத்தி எழுதிக்கொண்டாள்.

நூறு வருடத்துக்கு முந்தையதை வீட்டுத் திண்ணையில் படிக்கலாம். அரசுச் சம்பளத்தில் ஒருவர் போன வருடம் எழுதியதைப் படிக்க முடியாது. இது என்ன நியாயம்?

பிரான்சில் 2016-ல் ஒரு சட்டம் வந்தது. பாதிக்குக் குறையாமல் பொதுப்பணம் செலவான ஆய்வென்றால், ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை ஆசிரியரே இலவசமாக வெளியிடலாம். அறிவியலுக்கு 6 மாதம், சமூகவியல் போன்றவற்றுக்கு 12 மாதம் பொறுத்தால் போதும். நம் நாட்டில் 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. நல்ல காரியம். ஆனால் வெளியே நிற்கும் நம் போன்றவர்களுக்கு? மக்கள் பணத்தில் எழுதியதை மக்கள் படிக்க முடியவேண்டும். என் கட்சி இதுதான்.

அதுவரை ஒரு வழி உண்டு. கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடலாம். பேத்தி போட்டாள். நான்காம் நாள் முழுக் கட்டுரையும் வந்தது. சுருக்கத்தில் பொதுவாகச் சொல்லியிருந்த முடிவு, உள்ளே பார்த்தால் ஒரே ஒரு சீர்திருத்த இல்லத்துப் பையன்களைப் பற்றியது!

"நல்லவேளை தாத்தா" என்றாள்.