கொல்லம் ஆண்டும் கணினி நாள்காட்டியும்

திருவனந்தபுரத்தில் 1936 நவம்பர் 12 அன்று வெளியான கோயில் நுழைவுப் பிரகடனத்தின் கொல்லம் தேதி 1112 துலாம் 27. திருவிதாங்கூர் ஆவணங்களை மின்னாக்கும்போது கிறித்தவ ஆண்டிலிருந்து 824-ஐக் கழித்துத் தேதியின் தோற்றத்தை மாற்றினால் போதும் என்று கருதுவது பிழை. கொல்லம் ஆண்டு பிறப்பது ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதத்தில். அவ்வாறு கழித்தால் 1937 ஜனவரி ஆவணம் 1113-க்குத் தாவிவிடும். உண்மையில் அதுவும் 1112-ஐச் சேர்ந்ததே. வட மலபார் மரபிலோ ஆண்டுப் பிறப்பு கன்னியில். மாதத்தின் நாள்கணக்கும் சங்கிராந்தியைப் பொறுத்து மாறும்.

ஜாவா நிரல்மொழியில் ஜப்பானிய, தாய்லாந்துப் பௌத்த நாள்காட்டிகளுக்குத் தனி வகுப்புகள் உண்டு, கொல்லத்துக்கு இல்லை. ஆகவே முதலில் தேவைப்படுவது, நாள்காட்டி வகுப்பை நீட்டித்துச் சங்கிராந்தியையும் வட்டார ஆண்டுப் பிறப்பையும் கணிக்கும் துணைவகுப்பு. தேதியின் வடிவமைப்பு அதற்குப் பிறகுதான். ஆண்டு ஒன்று பிசகினால் ஆவணங்களின் முன்பின் வரிசையே குலையும்.