புகார் வராத பழுது

2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸில், தெருவிளக்கு உள்ள பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைந்தது. சட்டம் ஒரே நாளில் மாறியது. கார்களுக்குள் இருந்த வரைபடங்கள் அந்த ஒரே நாளில் மாறவில்லை. சாலையோரப் பலகையைப் படிக்கும் கேமரா இருக்கும்போது இதற்கு ஏன் கவலை என்று கேட்கலாம். விடை அந்தச் சாலைகளிலேயே இருக்கிறது. 20 என்பது அங்கே பொது வரம்பு. எல்லையில் நுழையும் இடத்தில் ஒரு பலகை இருக்கும். உள்ளே தெருத்தெருவாக அதை மறுபடி மறுபடி நடுவதில்லை. தெருவிளக்கு இருந்தாலே வரம்பு 20 என்று ஓட்டுநர் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அதே குடியிருப்புக்குள் ஓடும் காரின் கேமராவுக்குப் படிக்க எதுவுமே கிடைக்காது. அந்த இடத்தில் காருக்கு வரம்பைச் சொல்லக்கூடியது வரைபடம் ஒன்றுதான். அது பழையதாக இருந்தால் திரையில் 30 என்றே காட்டும். ஓட்டுநர் 30-ல் போனாலும் எச்சரிக்கை மணி அடிக்காது. பின்னர், 2024-ல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டு, சில சாலைகளை உள்ளாட்சிகள் மீண்டும் 30-க்குக் கொண்டுபோகத் தொடங்கியபோது நிலைமை தலைகீழானது. இடைப்பட்ட காலத்தில் புதுப்பித்துவிட்டு அத்தோடு நிறுத்திய கார், சரியான வேகத்தில் போகிறவரைப் பார்த்து மணி அடிக்கும்.

இந்த இரண்டு பிழைகளில் நம் பட்டறைக்கு வந்து சேர்வது இரண்டாவது மட்டுமே. "சும்மா சும்மா கத்துது" என்று வண்டிக்காரர் வந்து நிற்பார், ஜாப் கார்டில் ஒரு வரி ஏறும், யாராவது பார்ப்பார்கள். முதல் பிழையைப் பற்றி எவரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே ஓட்டுநருக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் ஆபத்தாக முடியக்கூடியதும் அதுதான். நம் தொழிலில் பெரும்பகுதி புகாரை வைத்து நடக்கிறது. புகார் வராத சிலவற்றை மட்டும் நாள்கணக்கு வைத்துப் பார்க்கிறோம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை இறங்குவதை எந்த வாடிக்கையாளரும் உணர்ந்து சொல்வதில்லை. ஆகவேதான் கேட்காமலேயே மாற்றுகிறோம். காரின் வரைபடத்தையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. இன்றைக்குப் பெரும்பாலான பட்டறைகளில் அது பாட்டுப் பெட்டியோடு சேர்த்து எண்ணப்படுகிறது. அந்தக் காலம் முடிந்துவிட்டது.

முடித்து வைத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 விதி. வேக வரம்பைக் கண்டறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் உதவி அமைப்பு, 2022 ஜூலை முதல் அங்கே அறிமுகமாகும் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயம். பல கார்களில் இந்த அமைப்பு கேமராவையும் வரைபடத்தையும் சேர்த்தே முடிவெடுக்கிறது. ஓட்டுநர் இதை அணைத்துவைக்கலாம். அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது தானே மறுபடி விழித்துக்கொள்ளும். தப்பான எண்ணைக் காட்டிக் காட்டி நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்ட அமைப்பை, கிளம்பும்போதெல்லாம் அணைப்பதே பழக்கமாகிவிடும். அப்போது சரியாக எச்சரிக்கக்கூடிய இடங்களிலும் அது இல்லாமல் போகிறது. பழைய வரைபடத்தால் வரும் நட்டங்களில் மிகப் பெரியது இது என்பது நம் கருத்து.

போனை இணைத்து ஆண்ட்ராய்டு ஆட்டோவில் வழி பார்க்கும் காலத்தில் காரின் சொந்த வரைபடத்தை யார் பார்க்கிறார்கள் என்பது அடிக்கடி வரும் மறுப்பு. வழி பார்ப்பதற்கு யாரும் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் போனின் வரைபடம் பொதுவாகத் திரையோடு நின்றுவிடும். வளைவு வருமுன் வேகத்தைக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோலும், வேக எச்சரிக்கையும் கேட்பது காருக்குள் இருக்கும் தரவைத்தான். ஓட்டுநர் பார்க்காத வரைபடத்தைக் கார் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

புதிய கார்கள் தங்கள் சிம் வழியாகத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றனவே என்பார்கள். சந்தா உயிரோடு இருந்து, உரிமையாளர் தரவு அனுமதி கொடுத்திருந்து, நெட்வொர்க்கும் இருந்தால் புதுப்பித்துக்கொள்ளும். 2022-ல் அமெரிக்காவில் 3ஜி சேவைகள் மூடப்பட்டபோது, அந்த மோடம் கொண்ட பல கார்களின் இணைய வசதிகள் அப்படியே நின்றுபோயின. வண்டியின் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆகவே "தானாக நடக்கும்" என்பதை நம்பி விடாமல், அமைப்புகள் பக்கத்தில் பதிப்பு எண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பதிப்புப் பெயரிலும் எச்சரிக்கை தேவை. தரவைத் தொகுத்து, சோதித்து, வெளியிடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பதிப்பில் உள்ள தேதியைவிடச் சாலைத் தகவல் பழையதாகவே இருக்கும்.

நேரம் குறித்த மறுப்பு நியாயமானது. பென் டிரைவில் பல ஜிபி கோப்பை ஏற்றி, இக்னிஷனை ஆன் செய்து, பேட்டரி இறங்காமலிருக்க சார்ஜர் கொடுத்து, ஒரு பே முழுக்க அடைத்து வைத்திருக்க எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகாது. பாதியில் மின்சாரம் போனால் ஹெட் யூனிட்டே எழாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு சர்வீஸிலும் புதுப்பிக்கச் சொல்லவில்லை. பதிப்பைப் பார்த்து எழுதச் சொல்கிறோம். அதற்கு ஒரு நிமிடம் போதும். எழுதினால் பொறுப்பு நம் தலையில் விழும் என்ற அச்சமும் தேவையில்லை. பதிப்பைக் குறிப்பது அது சரியென்று உறுதி கொடுப்பதாகாது, அளந்ததை அளந்தபடி சொல்வது மட்டுமே.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் கட்டாயமான வேக எச்சரிக்கை 80-லும் 120-லும் ஒலிப்பது. அதற்கு வரைபடமே தேவையில்லை, உண்மை. ஆனால் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சாலையின் வரம்பைக் காட்டும் கார் நம் பட்டறைக்குள் நுழைந்த கணமே வேல்ஸின் சிக்கல் நம்முடையதுமாகிறது. ஜாப் கார்டில் இரண்டு வரி சேர்க்கலாம்: வரைபடப் பதிப்பு என்ன, கடைசியாகப் புதுப்பித்தது எப்போது. தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட மாடலாக இருந்தால் அதையும் எழுதி, திரையில் தெரியும் வரம்பு எந்த ஆண்டுத் தரவு என்பதை வண்டியை ஒப்படைக்கும்போது உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.