கடற்காவலும் கடற்றமிழும்

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கடல் இல்லை. ஆயினும், அவ்வூர்களின் வாழ்வு கடலை நம்பியே உள்ளது. இராசபாளையத்து ஆலைகளில் நூற்ற நூலும், அதனையடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த மருத்துவத் துணியும் பெட்டகங்களில் அடைபட்டுத் தூத்துக்குடி சென்று கலமேறுகின்றன. அத்துறைமுகம் முடங்கினால் இங்குத் தறியோட்டுவோனின் அடுப்பும் முடங்கும். ஆகலின் துறைமுகக் காவல் நெய்தல் நிலத்தார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மேற்கு மலையடியில் வாழும் தமிழனுக்கும் உரியதே.

இக்கலை தமிழனுக்கு மேலையர் கற்பித்ததன்று. புகார்த் துறையில் இறங்கும் பொதிகளையும் ஏறும் பொதிகளையும் அளந்து, புலிப்பொறி பொறித்து, உல்கு (சுங்கம்) கொண்ட காவலரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அளப்போரும் பொறிப்போரும் காப்போரும் ஓர் ஆட்சியின்கீழ் ஒரே மொழியில் இயங்கினர். துறைக்கு வந்த வணிகனுக்கும் அவர்க்கும் இடையே மயக்கம் இல்லை.

இன்றோ காவலர் பலர், ஆட்சி வேறு, மொழியும் வேறு. உலக நாடுகள் 2002 திசம்பரில் இலண்டனில் வகுத்த கப்பல், துறைமுகக் காவல் நெறி 2004 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு துறைமுகமும் தனக்குள்ள இடர்களை ஆய்ந்து காவல் திட்டம் வகுத்தல் வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை பயிற்சியும் ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையும் நடத்துதல் வேண்டும் என்பது அந்நெறி. 2008-இல் கடல்வழி வந்தோர் மும்பையைத் தாக்கிய பின்னர், 2009 பிப்ரவரியில் ஒட்டுமொத்தக் கடற்காவற் பொறுப்பு கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனோடு கடலோரக் காவற்படை, தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், சுங்கத்துறை, துறைமுகத்துள் நடுவண் தொழிலகக் காவற்படை எனப் பல கைகள் உள்ளன. கைகள் பலவாயினும் கண் ஒன்றாதல் வேண்டுமன்றோ?

2013 அக்தோபரில் 'சீமன் கார்டு ஒகையோ' என்னும் கலம் துமுக்கிகளுடன் (துப்பாக்கிகளுடன்) தூத்துக்குடிக் கடலில் பிடிபட்டது. கடலோரக் காவற்படை பிடித்தது. தமிழ்நாட்டுக் கியூ பிரிவுக் காவல்துறை வழக்கை நடத்தியது. 2016 சனவரியில் 35 பேர்க்கும் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் மதுரை உயர் முறைமன்றக் கிளை அனைவரையும் விடுவித்தது. கலம் வந்தது கொள்ளையரை எதிர்க்கவா, தீங்கு செய்யவா, எந்த எல்லையில் எந்தச் சட்டம் செல்லும் என்பன தீர நான்காண்டுகள் ஆயின. அவற்றைக் கலம் வருமுன்னரே கூடியமர்ந்து வரையறுப்பதன்றோ திட்டம்?

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. கடலில் அயற்கலத்தை முதலிற் காண்பவன் மீனவன். அவனே காவலின் கண்ணும் செவியும் என்று அதிகாரிகளும் மேடைதோறும் கூறுகின்றனர். ஆனால் அக்கண்ணோடு பேசும் வாய் எம்மொழியது? 2017 நவம்பரில் இராமேசுவர மீனவர், கடலோரக் காவற்படையினர் தம்மைச் சுட்டதாகவும் இந்தியில் பேசச்சொல்லி அடித்ததாகவும் முறையிட்டனர். காவற்படை முதலில் அதனை மறுத்தது. 2022 அக்தோபர் 21-இல் பாக்கு நீரிணையில் இந்தியக் கடற்படையே சுட்டதில் தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் படுகாயமுற்றார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. கேட்பவனுக்கு விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா? அது காற்றொடு கலந்த வெற்றொலியே. தன் குடியையே பகையென மயங்கும் காவல், பகையைக் குடியென மயங்காது என்பதற்கு என்ன உறுதி?

ஒத்திகைக்கும் 'சாகர் கவச்' என்று பெயர். கவசத்திற்கு 'மெய்ம்மறை' என்னும் பழஞ்சொல் தமிழில் உண்டு. கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலனுக்கே ஈந்த கடற்கரையில், காவலுக்கு ஒரு தமிழ்ப்பெயர் கிட்டாமற் போயிற்றாம்!

2021-ஆம் ஆண்டுப் பெருந்துறைமுகச் சட்டப்படி, துறைமுக ஆள்குழுவில் மாநில அரசுக்கு ஓரிடமே உண்டு. சுங்கத்துறைக்கும் ஓரிடம், தொடர்வண்டித்துறைக்கும் ஓரிடம். மண்ணுக்குரியவனும் ஒரு துறையும் ஒரே நிறை! தமிழ்நாட்டரசின் இலச்சினையில் உள்ளது திருவில்லிபுத்தூர்க் கோபுரமே என்பது பெருவழக்கு. அக்கோபுரத்தின் நிழல் தூத்துக்குடி அலைவாய் வரை நீளுதல் வேண்டாவா?

வேண்டுவன நான்கு. தமிழ்க்கடலில் பணிபுரியும் ஒவ்வொரு காவற்கலத்திலும் தமிழறிந்தோர் இருத்தல் வேண்டும். எச்சரிக்கையும் வானிலை அறிவிப்பும் தமிழில் ஒலித்தல் வேண்டும். காவல் ஒத்திகையில் மீனவர் கூட்டமைப்புகட்கு இடம் வேண்டும். துறைமுக ஆள்குழுவில் தமிழ்நாட்டிற்குரிய இடங்கள் பெருகுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் காவலைத் தளர்த்துவதன்று, எல்லாம் இறுக்குவனவே.

வ. உ. சிதம்பரனார் 1906-இல் கப்பற் குழுமம் தொடங்கியது, கடலில் தமிழன் பிறன் தயவில் செல்லலாகாது என்பதற்காகவே. அவர் பெயரை 2011-இல் துறைமுகத்திற்குச் சூட்டினர். பெயரை மட்டும் வாயிலில் எழுதி, அவர் மொழியை வாயிலுக்கு வெளியே நிறுத்துதல் முறையன்று. பாவாணர் இளமையில் ஆசிரியப் பணியாற்றிய முறம்பு இராசபாளையத்தின் அருகிலேயே உள்ளது. அம்மண்ணின் மக்கள் இக்கோரிக்கையை முதலில் எழுப்புவாராக! காவல் தமிழ் பேசினால் கடல் காவற்படும்.